கவிஞரை வளர்த்த செவிகள்

பாட்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் அருள் என்பார் சிலர்; அனுபவம் என்பார் சிலர். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தமிழ்க் கவிஞர்கள் உருவான கதைகளைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று கண்ணில் படுகிறது. பாட்டு பிறந்த இடத்தில் அதைக் காது கொடுத்துக் கேட்க ஓர் ஆசிரியரோ, அவையோ, இதழாசிரியரோ இருந்திருக்கிறார்கள். எழுதத் தூண்டியவரும் எழுதியதைத் திருத்தியவரும் பல வேளைகளில் ஒருவரே.

பழைய புலமைப் பள்ளியில் கவிதைக் கல்வி நினைவில் தொடங்கியது. முதலில் நிகண்டு மனப்பாடம். பிறகு அமிதசாகரரின் யாப்பருங்கலக் காரிகை, அணிக்குத் தண்டியலங்காரம். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் பாடமாகும்போதே ஓசை காதில் ஏறிவிடும். ஈற்றடி ஒன்றைக் கொடுத்து வெண்பாவாக முடிக்கச் சொல்வார்கள். ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று கவிகளை நால்வகையாகப் பிரித்த பாட்டியல் நூல்கள் எதற்கு எதை எப்படிப் பாடுவது என்றும் விதித்தன. நூல் முடிந்தால் அரங்கேற்றம். அவையில் கற்றவர் தடை எழுப்புவார். பாடியவர் விடை சொல்லியாக வேண்டும்.

இந்தப் பள்ளியின் சிகரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876). தண்டியலங்காரத்தை ஒரு பரதேசியிடம் அவர் கற்ற கதை எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பரதேசி எளிதில் பாடம் சொல்பவர் அல்லர். அவர் பிச்சைக்குப் போகும் தெருக்களில் கூடவே நடந்து, பணிவிடை செய்து, பிள்ளை அந்த நூலைப் பெற்றார். பின்னாளில் அவர் தலபுராணங்களின் செய்யுள்களை வாயால் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதினார்கள். வாய் மடை திறந்ததற்குப் பின்னால் அந்தத் தெருக்களும் இருக்கின்றன. அவரிடம் கற்ற உ.வே. சாமிநாதையர் எழுதிய வரலாறு இதையெல்லாம் நமக்குக் காத்துத் தந்தது. கவிதை எழுதும் இளைஞர் எவரும் அந்த நூலைப் படிக்காமல் இருக்கக் கூடாது.

அந்தப் பள்ளிக்குக் குறையும் உண்டு. பெரும் ஆற்றல் புரவலரைப் பாடுவதிலும் சொல்விளையாட்டிலும் செலவாயிற்று. எட்டயபுரம் அரண்மனைச் சூழலில் வளர்ந்த பாரதி அதை உள்ளிருந்தே பார்த்தவர். ‘சின்னச் சங்கரன் கதை’ அதற்குச் சான்று. அவர் யாப்பை எறியவில்லை. சிந்து, கண்ணி, கும்மி என்று மக்கள் வாயில் இருந்த மெட்டுகளை எடுத்துக்கொண்டார். கொஞ்சம் படித்தவருக்கும் புரிய வேண்டும் என்பதைப் பாஞ்சாலி சபத முன்னுரையில் அளவுகோலாகவே வைத்தார். அவை அரண்மனையிலிருந்து பொதுமக்களுக்கு மாறியது. கேட்பவர் மாறியதும் கவிதையும் மாறியது.

புதுச்சேரியில் பாரதி முன் ஒரு தமிழாசிரியர் பாட்டெழுதிக் காட்டினார். அவருடைய பெயர் சுப்புரத்தினம். தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் என்று குறித்து, பாரதி அந்தப் பாட்டைச் சுதேசமித்திரனுக்கு அனுப்பினார். முறையாக இலக்கணம் கற்ற ஒருவர் பாரதிதாசனாக மாற அந்த ஏற்பு எவ்வளவு உதவியிருக்கும்! அவர் வழியில் வந்த சுரதா, முடியரசன், வாணிதாசன் முதலியோரைப் பொன்னி இதழ் ‘பாரதிதாசன் பரம்பரை’ என்று அறிமுகம் செய்தது.

யாப்பின்றி எழுதும் முயற்சியை ந. பிச்சமூர்த்தி 1930களிலேயே மணிக்கொடி இதழில் தொடங்கிவிட்டார். அது ஒரு பள்ளியாக வேர் பிடித்தது, 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழில். விற்பனைக் கணக்கைப் பார்த்தால் அது மிகச் சிறிய இதழ். ஆனால் கவிதைக்கு அருகிலேயே விமர்சனமும் அச்சானது. ஒரு படிமம் ஏன் நிற்கிறது, ஏன் சரிகிறது என்று பக்கம் பக்கமாக விவாதித்தார்கள். திருகோணமலையிலிருந்து எழுதிய தருமு சிவராமு என்ற இளைஞரை, பின்னாளில் பிரமிள் என்று நாம் அறிந்தவரை, அந்த இதழ் கவிஞராகவும் விமர்சகராகவும் வளர்த்தது. அந்த இதழ் வழியே 1962இல் வந்த ‘புதுக்குரல்கள்’ தொகுப்பில் 24 கவிஞர்கள் இடம்பெற்றார்கள். அதே காலத்தில் ஈழத்தில் மஹாகவி வேறு வழியில் போனார்: யாப்பை விடாமல் அதற்குள் பேச்சோசையைக் கொண்டுவந்தார். தமிழகத்தில் இன்னும் போதிய அளவு படிக்கப்படாதவர் அவர்.

1971இல் கோவையில் எழுந்த வானம்பாடி இயக்கம் புதுக்கவிதையைத் தெருவுக்கும் மேடைக்கும் அழைத்து வந்தது. சிற்பி, புவியரசு, ஞானி போன்றோர் இருந்த அந்த இயக்கத்தின் இதழ் விலையில்லாமல் கைக்குக் கை போனது. எழுத்துப் பள்ளியின் உள்முகத்தை அவர்கள் ஏற்கவில்லை. சமூகத்துக்கு உரத்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். கல்லூரி மாணவர் பலர் எழுதலாம் என்ற துணிவைப் பெற்றது அவர்களால்தான். ஆனால் கைதட்டல் ஒரு கடுமையான ஆசிரியர் அன்று. அது எங்கே வருகிறதோ அங்கேயே வரியை முடிக்கப் பழக்கிவிடும். மேடைக் கவிதை பலவற்றில் அந்தத் தழும்பு இருக்கிறது. கவிஞர் வளர்ந்த அளவை மட்டும் பார்த்தால், என் தீர்ப்பு எழுத்து பக்கமே சாயும்.

இன்று எழுதத் தொடங்குபவருக்கு வாய்ப்புக் குறைவில்லை. வரியைப் பிடித்து நிறுத்தி, இந்தச் சொல் இங்கே ஏன் என்று கேட்பவர்தான் குறைவு. இந்த மலரை வெளியிடும் அன்பர்களையும் ஊர்தோறும் கவியரங்கம் நடத்தும் தமிழ் மன்றங்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பொன்னாடைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இளையவர் கவிதைகளை வரிவரியாகப் பேசுவதற்குக் கொடுங்கள். மூத்த கவிஞர் ஒருவரைத் தலைமைக்கு அழைத்தால், வாழ்த்துரைக்குப் பதிலாக நான்கு கவிதைகளைத் திருத்திக் காட்டச் சொல்லுங்கள்.