மில் இங்கே, காத்தாடி அங்கே

ராஜபாளையத்து நூற்பாலைகளில் சுற்றும் கதிர்களுக்குப் போகும் மின்சாரத்தில் ஒரு பங்கு காற்றிலிருந்து வருகிறது. அந்தக் காற்று ராஜபாளையத்தில் வீசுவதல்ல. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதல் பிறகு வந்த ஆலைகள் வரை பலவும் தங்கள் காற்றாலைகளை ஊருக்குத் தெற்கே பல மைல் தள்ளித்தான் நட்டிருக்கின்றன. தேவர்குளம், கயத்தாறு, முப்பந்தல் என்று காற்று எங்கே நன்றாக அடிக்கிறதோ அங்கே. உற்பத்தியாகும் யூனிட்டுகளை மின்வாரியத்தின் கம்பி வாங்கிக்கொள்கிறது. மில்லின் மின்கட்டணக் கணக்கில் அது கழிகிறது. மதில் சுவரைத் தாண்டிய காலி நிலத்திலேயே நாலு காத்தாடியை நிறுத்திவிடலாமே என்று அவர்கள் ஆசைப்படவில்லை. தமிழ்நாட்டில் காற்றாலைக்கு இடம் பார்க்கும் முறையில் மெச்சத்தக்க முதல் விஷயம் இதுதான். அதன் கோளாறுகளுக்கும் இங்கிருந்துதான் நூல் பிடிக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று மேற்கே பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். செண்பகத்தோப்புக்குப் பின்னால் மலை சுவராக எழுந்து நிற்கிறது. ராஜபாளையம் அய்யனார் கோவில் பக்கமும் அப்படியே. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்துப் பக்கம் மோதி, மேலேறி, மழையை அங்கேயே இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் விழுவது உடைந்த காற்று. ஒரு நேரம் பிடரியில் அறையும், ஒரு நேரம் இலை அசையாது. இப்படிக் கொந்தளித்து வரும் காற்றில் காற்றாலைக்கு உற்பத்தி குறைவதோடு சேதமும் அதிகம்; இறக்கையும் பற்சக்கரப் பெட்டியும் சீக்கிரம் களைத்துப்போகும். மலை எங்கே தாழ்கிறதோ அங்கேதான் சீரான காற்று. பாலக்காட்டுக் கணவாய், கம்பம் பள்ளத்தாக்கு, செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழி இந்த நான்கும்தான் தமிழ்நாட்டின் காற்று வாசல்கள். இந்தச் சுவருக்கு வடக்கே கம்பம் வாசலின் காற்று தேனி, ஆண்டிப்பட்டிப் பக்கம் போகிறது. தெற்கே செங்கோட்டை வாசலின் காற்று சுரண்டை, ஆலங்குளம், கயத்தாறு என்று விரிகிறது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இரண்டு வாசலுக்கும் நடுவே சுவரின் மறைவில் இருக்கின்றன.

இவ்வளவு தூரம் தள்ளிப் போவதால் அப்படி என்ன கிடைத்துவிடும் என்று கேட்கலாம். காற்றில் அடங்கிய ஆற்றல், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப ஏறும். நொடிக்கு 6 மீட்டர் வீசும் இடத்தையும் 7 மீட்டர் வீசும் இடத்தையும் ஒப்பிட்டால், மரத்தடியில் நிற்பவனுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 6-இன் மும்மடி 216, 7-இன் மும்மடி 343. காற்றின் ஆற்றலில் ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதல். அந்த ஒரு மீட்டருக்காக எவ்வளவு கம்பி இழுத்தாலும் தகும். காற்றை அளப்பதில் சிறு பிழை விட்டாலும் முதலீட்டில் பெரிய ஓட்டை விழும் என்பதும் இதே கணக்குதான்.

அளக்கும் வேலையை இந்தியாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் முதல் பெயர் அன்னா மணி. 1918-இல் பீர்மேட்டில், அதாவது இதே மலையின் மறுபக்கத்தில் பிறந்தவர். வானிலைத் துறையிலிருந்து 1976-இல் ஓய்வுபெற்ற பிறகுதான் நாடெங்கும் கம்பம் நட்டுக் காற்றை அளக்கும் திட்டத்தை நடத்தினார். இந்தியாவின் காற்றாற்றல் பற்றிய அவருடைய தரவு நூல் 1983-இல் வந்தது. 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் 55 கிலோவாட் காற்றாலைகளை அரசு மாதிரிக்காக நிறுவியபோதும், பிறகு கயத்தாற்றில் சோதனை நிலையம் அமைத்தபோதும், பின்னால் அளந்த எண் இருந்தது. 50 மீட்டர் உயரத்தில் சதுர மீட்டருக்கு 200 வாட் ஆற்றல் இல்லாத இடத்துக்குத் திட்டம் கிடையாது என்று ஒரு காலத்தில் கோடு போட்டிருந்தார்கள். முரட்டுக் கோடுதான். ஆனால் கண்ட இடத்தில் நட்டுவிட்டுக் கணக்கு காட்டுகிறவர்களை அது கொஞ்சமாவது தடுத்தது.

தடுக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் வருமான வரி. காற்றாலை வாங்கினால் அதன் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று 1990-களில் சலுகை இருந்தது. பிறகு 80 சதவீதமாகி, 2012-இல் நின்று, 2014-இல் திரும்பி வந்து, 2017-இல் 40 சதவீதமாகக் குறைந்தது. சலுகை இல்லாமல் இந்தத் துறை எழுந்து நின்றிருக்காது. அதை மறுக்க முடியாது. ஆனால் மார்ச் 31-க்குள் ஆலை சுற்றியாக வேண்டும் என்று வந்துவிட்டால், இடம் தேடுகிறவன் காற்று எங்கே என்று கேட்க மாட்டான். எந்த நிலத்துக்குப் பத்திரம் தயார், எந்தத் துணைமின் நிலையம் பக்கம் என்றுதான் கேட்பான். லாபம் யூனிட்டிலிருந்து வருகிறதா, வரியிலிருந்து வருகிறதா என்பதைப் பொறுத்து, ஒரே பொட்டல் காடு நல்ல இடமாகவும் மட்டமான இடமாகவும் ஆகிவிடுகிறது.

இந்த அவசரத்தில்தான் நிலத் தரகர்கள் கரிசல் காட்டுக்கு வந்தார்கள். மானாவாரி பூமி, விலை மலிவு, வெங்காயமும் உளுந்தும் ஒரு வருஷம் விளைந்தால் ஒரு வருஷம் பொய்க்கும். விற்றுவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஒரு ஆலைக்கு இரண்டு மூன்று ஏக்கர் கிரயம். அதோடு இறக்கை ஏற்றிவரும் நீள லாரி திரும்புவதற்குப் பாதை. குத்தகை என்றால் ஆலை சுற்றும் வரை விவசாயிக்கு ஆண்டுதோறும் ஏதோ வரும். கிரயத்தில் வருவது ஒரு தடவைதான். மேலே சுற்றுவதோடு கீழே இருப்பவனுக்குப் பிறகு எந்தக் கணக்கும் இல்லை. டென்மார்க்கில் 2009-இல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், புதிய திட்டத்தின் 20 சதவீதப் பங்கை அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு வாங்கிக்கொள்ளும்படி முன்வைக்க வேண்டும் என்றது. பின்னாளில் அதைக் கைவிட்டார்கள் என்பது வேறு கதை. இங்கே அப்படி ஒரு பேச்சே எழவில்லை.

ஏன் எழவில்லை? முதலாளி ராஜபாளையத்தில், காற்றாலை எங்கோ ஒரு கரிசல் காட்டில். மில்லையும் காற்றையும் கம்பியால் பிரித்தது பொறியியலாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். ஆனால் அதே கம்பி உரிமையாளரையும் ஊரையும் பிரித்துவிட்டது. மில்லின் சாயத்தண்ணீர் ஓடையில் கலந்தால் ஊரார் வாசலில் வந்து நிற்பார்கள். காத்தாடி சத்தத்தில் தூக்கம் போனவன் யார் வாசலுக்குப் போவான்? குடியிருப்பிலிருந்து 500 மீட்டருக்குள் ஆலை கூடாது என்று மத்திய அமைச்சகத்தின் 2016 வழிகாட்டி சொல்கிறது. அதற்கு முன்பே நட்டு முடிந்தவை ஆயிரக்கணக்கில். ‘காத்தாடி வந்த பிறகுதான் மழை போச்சு’ என்று கரிசல் கிராமங்களில் சொல்வார்கள். இறக்கை நுனி எட்டுவது 200 மீட்டர் சொச்சம்தான், மழைமேகத்தின் சங்கதி அதற்கு எவ்வளவோ மேலே. எனவே அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. ஆனால் கேலி செய்துவிட்டுப் போகவும் எனக்கு மனம் வரவில்லை. யாரும் தங்களைக் கேட்காமல் தங்கள் வானத்தில் ஒன்றை நட்டுவிட்டுப் போனதற்கு, அவர்கள் கண்டுபிடித்த விளக்கம் அது.

சரி, மலை உச்சியிலேயே நட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. உச்சியில் காற்று இருக்கிறது, ஐயமில்லை. ஆனால் அது 1988 முதல் சாம்பல்நிற அணில்களுக்கான சரணாலயம். 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். இங்கே கேள்வி தானாக முடிந்துவிடுகிறது. இதில் ஒரு முரணும் ஒளிந்திருக்கிறது: காப்பகத்தின் எல்லைக்கல் வரை சட்டம் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கிறது, கல்லுக்கு வெளியே கண்ணை மூடிக்கொள்கிறது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்குள் காற்றாலை வராது. பறவைக்கோ பல்லிக்கோ எல்லைக்கல் தெரியாது. மகாராஷ்டிரத்தில் சாத்தாரா பக்கம் சால்கேவாடி மேட்டு நிலத்தில் மரியா தாக்கர் குழு நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. காற்றாலைகள் நடுவே வேட்டைப் பறவைகள் குறைந்து, அவை தின்னும் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகியிருந்தன. அந்த ஓணான்களின் நடத்தையும் உடலும்கூட மாறியிருந்தன. அதுவும் இதே மேற்குத் தொடர்ச்சி மலைதான்.

காற்றும் பறவையும் ஒரே வழியில் போகும் இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு மன்னார் சாட்சி. அந்தத் தீவின் தென்கரையில் 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலைப் பண்ணை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது, 30 ஆலைகள். இலங்கையின் மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களில் அது ஒன்று. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் இறங்குவதும் அங்கேதான். 2025-இல் புதிய ஆலைகளை எதிர்த்து மன்னார்த் தமிழர்கள் தெருவில் இறங்கியபோது வெள்ளம், மீன்பிடி, பறவை எல்லாம் ஒரே மூச்சில் பேசப்பட்டன. காற்று வரைபடம் ஒன்றை மட்டும் வைத்து இடம் தேர்ந்தால் கேள்விகள் பிறகு மொத்தமாகத்தான் வந்து விழும்.

அப்படியானால் அடுத்த பெரிய காற்றாலைப் பண்ணைக்கு இடம் எது? ஏற்கனவே பயன்படுத்தும் இடம்தான் என்பது என் கருத்து. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றின் முதல்தரமான வாசலில் நிற்பவை பெரும்பாலும் 1990-களின் குட்டை ஆலைகள். 225, 250 கிலோவாட். இறக்கை வட்டத்தின் விட்டம் 30 மீட்டர் அளவு. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைவிடத் தாழ்ந்த கோபுரங்கள். மிகச் சிறந்த இடத்தை மிகப் பழைய இயந்திரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. பழையதை அகற்றிப் புதியது நடுவதற்கு மாநில அரசு 2024-இல் ஒரு கொள்கையே வெளியிட்டது.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இதுவும் அவ்வளவு சுலபமில்லை. ஆலைக்கு ஆலை ஒரு பக்கம் விட்டத்தின் ஐந்து மடங்கு, மறுபக்கம் ஏழு மடங்கு இடைவெளி என்பது இங்கே நெடுநாள் விதி. முன்னால் நிற்பது கலக்கிவிட்ட காற்று பின்னால் நிற்பதன்மேல் படாமலிருக்க அந்த இடைவெளி. 30 மீட்டர் வட்டத்துக்கு அது 150-க்கு 210 மீட்டர். இன்றைய 140 மீட்டர் வட்டத்துக்கு 700-க்கு 980. ஒரு புதிய ஆலையின் இடத்தில் ஏறக்குறைய 22 பழைய ஆலைகள் அடங்கும். அவற்றின் திறன் 5.5 மெகாவாட், புதியது ஒன்று, 3 மெகாவாட் என்று வைத்துக்கொள்வோம். பழையவை ஆண்டு சராசரியில் தம் திறனில் 15 சதவீதமும் புதியது 35 சதவீதமும் தரும் என்று கொண்டால், 0.83 மெகாவாட்டுக்குப் பதில் 1.05. கூடுதல்தான், ஆனால் கால் பங்குக்குச் சற்று மேல். செலவழிக்கப் போகிறவன் தயங்குவது இதனால்தான். ஐந்துக்கு ஏழு விதியைத் தளர்த்துங்கள் என்று தொழில்துறை கேட்பதும் இதனால்தான். தளர்த்தினால் இடிபடுவது காற்றுக்குப் பின்னால் நிற்கும் பக்கத்து ஆலைக்காரர். அந்த இழப்பை அளந்து ஈடு கொடுக்கும் ஏற்பாடு இல்லாமல் தளர்த்துவது சண்டையைத் தொடங்கிவைப்பது.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்த 22 ஆலைகளும் ஒருவருடையது அல்ல. வரிச்சலுகைக் காலத்தில் ஒவ்வொன்றாக விற்றவை. ஒன்று ராஜபாளையத்து மில்லுக்கு, ஒன்று திருப்பூர் பனியன் கம்பெனிக்கு, ஒன்று சிவகாசி அச்சகத்துக்கு, இன்னொன்று சென்னையில் ஒரு டாக்டருக்கு என்று இருக்கலாம். புதிய ஆலை எந்தப் பத்திரத்து நிலத்தில் நிற்கும், மற்றவர்களுக்குப் பங்கு எப்படி, அவரவர் மின்வாரிய ஒப்பந்தம் என்ன ஆகும் என்று 22 பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களில் பாதிப்பேர் தங்கள் காத்தாடியை நேரில் பார்த்தே இருக்க மாட்டார்கள்.