திரைப்படமும் பொதுமக்கள் கொள்ளும் பொருளும்

தமிழ்நாட்டின் அரசியலைத் திரைப்படமே ஆக்கிற்று என்பது கற்றோரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கூற்று. எழுத்தறிவு குறைந்த மக்கள் திரையிற் கண்ட வேடத்தை மெய்யென மயங்கி வாக்களித்தனர் என்பது அக்கூற்றின் சாரம். 1967 ஆம் ஆண்டிற் சி. என். அண்ணாதுரையும், 1969 ஆம் ஆண்டில் மு. கருணாநிதியும், 1977 ஆம் ஆண்டில் எம். ஜி. இராமச்சந்திரனும் முதலமைச்சராயினர். மூவரும் திரையுலகோடு தொடர்புடையோர். இதனை நோக்குவார்க்கு அக்கூற்று எளிதிற் பொருந்துவதாகத் தோன்றும். ஆயினும், படம் யாது சொல்லிற்று என்பதை ஆராய்ந்தோர் பலராக, அதனைக் கண்டோர் யாது கொண்டனர் என்பதை ஆராய்ந்தோர் சிலரே ஆவர். சொன்னதும் கொண்டதும் ஒன்றேயென ஆராயாது துணிவதிலேயே அக்கூற்றின் குறைபாடு அடங்கியுள்ளது.

பாடங்கேட்போர் இயல்பைப் பகுத்துரைக்கப் புகுந்த நன்னூலார், அவருள் தலையாயோர்க்கு அன்னத்தையும் பசுவையும், இடைப்பட்டோர்க்கு மண்ணையும் கிளியையும், கடைப்பட்டோர்க்கு ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பனவற்றையும் உவமை கூறினார். சொல்லியதைத் திருப்பிச் சொல்வது கிளி. கொண்டதைத் தனித்திருந்து அசைபோடுவது பசு. பாலை நீரினின்றும் பிரிப்பது அன்னம். திரைப்படத்தைப் பற்றி எழுதிய கற்றோருட் பலர், பார்ப்போர் அனைவரையும் கிளியெனவே கொண்டனர். அவருள் அன்னமும் பசுவும் உண்டோ என வினாவியவர் அரியர்.

இவ்வினாவை மேனாட்டில் எழுப்பியோருள் ஸ்ரூவேட் ஹோல் என்பவர் குறிப்பிடத்தக்கவர். தொலைக்காட்சியைப் பற்றி 1973 ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை, ஒரு செய்தியை மக்கள் மூவகையாகக் கொள்ளலாம் என விளக்கிற்று. செய்தியை ஆக்கியோர் கருதியவாறே கொள்ளுதல் ஒன்று. பொதுவில் ஏற்றுத் தம் வாழ்நிலைக்கேற்பச் சிலவற்றை மாற்றிக்கொள்ளுதல் பிறிதொன்று. முற்றாக எதிர்த்துக் கொள்ளுதல் மற்றொன்று. ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ்ப் படத்தை அரசியற்றொடர்புச் சாதனமாக ஆராய்ந்து 1981 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கண்ட முதல் அரங்கு சினிமாக் கொட்டகையே எனக் காட்டினார். அங்கு இருக்கையை வகுத்தது பிறப்பன்று, கையிலிருந்த காசு. அவ்வாறாயின், ஒரே படத்தைப் பலதிறப்பட்டோர் ஒருங்கே கண்டனர் என்பதும், அவர் கொண்ட பொருளும் பலதிறப்பட்டிருக்கும் என்பதும் பெறப்படும்.

வரலாற்றை நோக்குமிடத்து இது தெளிவாகும். தமிழின் முதற் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ 1931 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பழங்காலக் கவிஞனின் கதையாகிய அதிலே, கதாநாயகி ரி. பி. இராஜலட்சுமி காந்தியடிகளின் இராட்டினத்தைப் புகழ்ந்து பாடினார். காளிதாசன் காலத்திலே காந்தி எங்கிருந்து வந்தார் எனச் சபையோர் நகைக்கவில்லை. புராண நாடகத்தின் நடுவே தேசியப் பாட்டைக் கேட்டுப் பழகியவர் அவர். நாடகக் கம்பனிகள் அவ்வழக்கத்தை முன்னரே ஏற்படுத்தியிருந்தன. கதையை ஒரு செவியாலும் காலத்தை மறு செவியாலும் கேட்கும் பயிற்சி, படம் பேசத் தொடங்குமுன்னரே அவரிடத்து அமைந்துவிட்டது.

கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘தியாகபூமி’ இன்னுமொரு சான்று. கல்கியின் கதையைத் தழுவிய அப்படம் 1939 ஆம் ஆண்டிலே, சென்னையிற் காங்கிரஸ் மந்திரிசபை நடைபெற்ற காலத்தில், தடையின்றி ஓடிற்று. அம்மந்திரிசபை பதவி துறந்த பின்னர் ஆங்கில ஆட்சியினர் அதனைத் தடைசெய்தனர். படத்தில் ஒரு காட்சியேனும் மாறவில்லை, மாறியது காலம். படத்தின் பொருள் படச்சுருளினுள்ளேயே முற்றும் அடங்கியிருப்பதாயின், முன்னர்த் தீங்கற்றதாயிருந்த படம் பின்னர்த் தீங்குடையதாதல் யாங்ஙனம்? பார்ப்போர் தம்மோடு கொண்டுவரும் நினைவும் நாட்டு நிலையும் சேர்ந்தே பொருள் நிறைவுறுகின்றது என்பதைத் தடைவிதித்த ஆட்சியினரும் உணர்ந்திருந்தனர்.

திராவிட முன்னேற்றக் கழகம் 1949 ஆம் ஆண்டிலே தோன்றிற்று. அவ்வாண்டிலேயே அண்ணாதுரையின் ‘வேலைக்காரி’ படமாக வந்தது. 1952 ஆம் ஆண்டுத் தீபாவளிக்குக் கருணாநிதி வசனமெழுதிய ‘பராசக்தி’ வெளியாயிற்று. இரங்கூனிலிருந்து மீளும் குணசேகரன் பொருளிழந்து அலைவதும், கைம்பெண்ணாகிய தங்கை கலியாணி பசியாலும் காமுகராலும் துன்புறுவதும், கோயிற் பூசாரியே அவளைக் கெடுக்க முயல்வதும், ஈற்றில் நீதிமன்றத்திலே சமூகமே குற்றவாளியாக நிறுத்தப்படுவதும் அதன் கதை. படத்தைத் தடைசெய்ய வேண்டுமென்ற குரல் எழுந்தது, தடை நிகழவில்லை. சிவாஜி கணேசனின் முதற் படமாகிய அதன் வசனங்களைச் சிறுவரும் மனப்பாடஞ் செய்தனர்.

மனப்பாடஞ் செய்தமையாற் பார்ப்போர் கிளியாயினர் எனலாமோ? நிகழ்ந்ததை நோக்குதல் வேண்டும். படத்தை ஆக்கியோர் பகுத்தறிவுக் கொள்கையர். படத்தைக் கொண்டாடிய மக்களோ கோயிலுக்குச் செல்வதை விட்டிலர். விழாக்கள் நின்றில, நேர்த்திக்கடன்கள் குறைந்தில. பூசாரியின் வஞ்சகத்தைக் கண்டு ஆரவாரித்தவர் மறுநாள் அம்மன் சந்நிதியிற் கைகூப்பினர். இதனை முரண்பாடென்று தள்ளுதல் எளிது. ஆயின் அம்மனையும் அம்மன் பெயரால் வாழ்வோரையும் வேறுபடுத்தி அறிதல் பக்தருக்குப் புதியதன்று. ஏழையின் பசி, கைம்பெண்ணின் துயர், செல்வரின் செருக்கு என்பனவற்றை ஏற்றுக் கடவுள் மறுப்பை விலக்கிய அச்செயல், பாலையும் நீரையும் பிரித்த செயலாகும். பின்னர் அக்கட்சியே திருமூலர் வாக்கொன்றை எடுத்தாண்டு, தெய்வம் ஒன்றென்னும் நிலைக்கு வந்தமை, மக்கள் தேர்ந்து கொண்டதைத் தலைவரும் உணர்ந்தமைக்கு அறிகுறியெனலாம். மக்கள் படத்தினின்று கற்றனர். படத்தை ஆக்கியோரும் மக்களிடமிருந்து கற்றனர்.

இத்தகைய பொருள்கோடல் தனியொருவர் மனத்தில் மாத்திரம் நிகழ்வதன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் கந்தபுராண படனம் நிகழுங்கால், ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லுவர். கேட்போர் செய்யுளைப் பயனோடு சேர்த்தே கொள்வர். திரைப்படத்துக்குப் பயன் சொல்வோர் கொட்டகைக்கு வெளியே இருந்தனர். தமிழ்நாட்டுத் தேநீர்க்கடையும், முடிதிருத்தும் நிலையமும், கட்சியின் படிப்பகமும் அவர்தம் மடங்கள். பத்திரிகையை ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கேட்ட அவ்விடங்களிலேயே, முதனாள் இரவு கண்ட படமும் விரித்துரைக்கப்பட்டது. பசு மேய்ந்தது கொட்டகையில், அசைபோட்டது இவ்விடங்களில்.

தணிக்கைக்கும் மக்களுக்கும் இடையே நிகழ்ந்த போட்டி இதனை மேலும் விளக்கும். 1964 ஆம் ஆண்டில் வந்த ‘தெய்வத்தாய்’ படத்திலே மூன்றெழுத்தைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. அம்மூன்றெழுத்துக் கடமை என்று பாட்டே விடை கூறுகின்றது. கேட்டோர் அவ்விடையோடு அமையாது, தம் கட்சிப் பெயரின் மூன்றெழுத்தையும் அதிற் கேட்டனர். 1966 ஆம் ஆண்டில் வந்த ‘அன்பே வா’ படத்துப் பாட்டொன்றிற் கட்சிச் சின்னமாகிய உதயசூரியனின் பெயர் வருவது தணிக்கையினராற் கண்டிக்கப்பட, ‘உதய’ என்ற சொல் ‘புதிய’ என்று மாற்றப்பட்டது. மாற்றியதனாற் பயன் விளைந்திலது. நீக்கப்பட்ட சொல்லே சபையோர் செவியில் ஒலித்தது. சிலேடையும் உள்ளுறையும் தமிழ்ச் செய்யுளுக்கு உரிய அணிகள் என வகுப்பறையிற் கற்பிக்கப்படுகின்றன. அவற்றைக் கேட்டறியும் ஆற்றல் ஐந்து சத ஏட்டையும் வாங்கவியலாத தொழிலாளியிடத்தும் இருந்தது.

ஆயின் அவ்வாற்றல் இடத்தையும் சார்ந்தது. அப்படங்களே இலங்கையிலும் ஓடின. இங்கு பார்த்தோர் அப்பாட்டுகள் சுட்டிய தமிழ்நாட்டுக் கட்சிக்கு வாக்களிக்கக்கூடியவராக இருந்ததில்லை. 1956 ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தின் பின், தமிழைப் பற்றித் திரையிற் பேசப்பட்ட உரைகள், பேசியோர் எண்ணியிராத வேறு நினைவுகளை இங்கு எழுப்பியிருத்தல் இயல்பேயாகும்.

இனி, இராமச்சந்திரனின் படங்களை நோக்குதல் தகும். 1958 ஆம் ஆண்டில் அவரே தயாரித்து இயக்கி இரட்டை வேடம் பூண்ட ‘நாடோடி மன்னன்’, முடியாட்சியை எதிர்க்கும் எளியவன் ஒருவன் உருவொற்றுமையால் அரியணையில் அமர்ந்து ஏழைகளுக்குச் சட்டம் வகுப்பதைக் காட்டுகின்றது. மது அருந்தாமை, தாயைப் போற்றல், எளியோரைக் காத்தல் என்பன அவர் ஏற்ற பாத்திரங்களின் நிலையான பண்புகள். எம். எஸ். எஸ். பாண்டியன் 1992 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, இப்பிம்பம் ஏழைகளைச் சிறைப்படுத்திய பொறி எனவும், அவருடைய ஆட்சி அவ்வேழைகளின் நலத்துக்குப் பெரிதும் மாறாகவே நடந்தது எனவும் வாதித்தார். மதுரையிலே நகர்ப்புற ஏழைகளோடு பழகி ஆராய்ந்த சாரா டிக்கி 1993 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலோ, அம்மக்கள் படத்தைப் பற்றித் தாமே கூறுவனவற்றுக்குச் செவிசாய்த்தது. படம் துன்பத்தினின்றும் சிறிதுபொழுது நீங்கும் வழியென்பதை அவர் அறிந்திருந்தனர். அறிந்தே சென்றவரை ஏமாந்தவர் எனல் பொருந்தாது.

பிம்பமே எல்லாம் எனின் விளங்காத நிகழ்ச்சிகள் சில உள. நடிப்பால் ஒப்பற்றவர் எனப் போற்றப்பட்ட சிவாஜி கணேசன் 1988 ஆம் ஆண்டில் தனிக்கட்சி தொடங்கி, 1989 ஆம் ஆண்டுத் தேர்தலிலே திருவையாற்றிற் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். அவரைத் திரையிற் கண்டு கண்ணீர் சொரிந்தவர், நடிப்புக்குரிய மதிப்பு வேறு, வாக்குக்குரிய மதிப்பு வேறு எனக் கொண்டனர். 1967 ஆம் ஆண்டின் வெற்றியையும் திரைப்படத்தின்மேல் முற்றாக ஏற்றுதல் இயலாது. இரண்டாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த இந்தி எதிர்ப்புப் போராட்டமும், அரிசித் தட்டுப்பாடும், ரூபாய்க்கு மூன்று படி அரிசியென்ற வாக்குறுதியும் அவ்வெற்றிக்குப் பின் நின்றன. இராமச்சந்திரனையும் மக்கள் திரையளவில் நிறுத்தி மதித்திலர். ரிக்‌ஷாத் தொழிலாளருக்கு மழையங்கி வழங்கியமை போன்ற செயல்களைப் படத்தோடு வைத்து நிறுத்தனர்; 1982 ஆம் ஆண்டிலே தொடங்கிய சத்துணவுத் திட்டத்தையும் பின்னர் அவ்வாறே நிறுத்தனர். வேடம் வாழ்வோடு ஒக்கின்றதா என்பதே அவர் கைக்கொண்ட உரைகல்.

இவ்வுரைகல்லின் சிறப்பைக் கூறுமிடத்து அதன் எல்லையையும் கூறுதல் கடன். அது ஆளை அளக்கும், அமைப்பை அளக்காது. ‘நாடோடி மன்னன்’ வகுக்கும் சட்டங்கள் நல்லனவா என மக்கள் சீர்தூக்குவர். நல்ல சட்டம் ஏன் அரியணையிலிருந்தே இறங்கிவரல் வேண்டும் எனக் கேளார். தீமைக்குக் காரணம் தீயோன் ஒருவன். அதனை நீக்குபவன் நல்லோன் ஒருவன். மக்கள் இருவருக்குமிடையே நின்று காண்போர். தேசியப் படம், பகுத்தறிவுப் படம், பக்திப் படம் ஆகிய மூன்றிற்கும் பொதுவான வார்ப்பு இது. கொள்கைகள் மாறியும் வார்ப்பு மாறிற்றிலது. பாண்டியனின் வாதத்தில் நிலைபெறும் உண்மை இதுவே. சொல்லைச் சலித்துக் கொண்டவர், அச்சொல் ஊற்றப்பட்ட கலத்தைச் சோதித்திலர். பலகாலும் ஒரே கலத்திற் பருகுவார்க்குக் கலம் கண்ணிற்படாது.

இக்குறை பாமரர்க்கு மாத்திரம் உரியதன்று. கல்லூரிகளிற் கற்றோரும் வரலாற்றை மன்னர் பெயர்களாலும் தலைவர் பெயர்களாலுமே நிரப்பிக் கற்றனர். நல்லோன் ஒருவன் தோன்றி நாட்டைத் திருத்துவான் என்ற எதிர்பார்ப்பு, திரைப்படம் காணாதாரையும் ஆட்டிவைப்பது கண்கூடு. ஆதலாற் கற்றோர் பாமரரை இகழ்தற்கு இடமில்லை. மக்கள் காண்பதை உணரமாட்டார் என்ற எண்ணம் வலுப்பெறின், அவர் வாக்குக்கும் மதிப்பில்லை என்ற எண்ணம் அதன் பின்னே வரும். மக்களாட்சியின் வேரைத் தாக்கும் எண்ணம் அது. தணிக்கைச் சட்டங்கள் பலவும் அவ்வெண்ணத்தினின்றே பிறந்தன.

செய்யத்தக்கது யாதெனின், செய்யுளைக் கற்பிக்குங்கால் ஆசிரியர் கைக்கொள்ளும் முறையைத் திரைப்படத்துக்கும் உரியதாக்குதலாம். மாணவன் கண்ட படத்தை இகழாது, அவன் அதிற் கண்டதை அவன் வாயாலேயே முதலிற் கேட்டல் வேண்டும். பின்னர், யார் பேசினர், யார் பேசாதிருந்தனர், தீர்வு எவர் கையிலிருந்து வந்தது, பெண்ணுக்கும் கூட்டத்துக்கும் கதையில் எவ்விடம் அளிக்கப்பட்டது என்னும் வினாக்களை அவன்முன் வைத்தல் வேண்டும். சொல்லின் உட்பொருளைத் தானே கண்டறியவல்ல மாணவன், இவ்வினாக்களாற் கதையின் வார்ப்பையும் கண்டறிவான். திரைப்பட விமரிசனம் தமிழில் வளர்தற்கு, கொட்டகையில் அமர்ந்திருப்போரையும் உரைகாரராக மதிக்கும் மனப்பான்மை முதலில் வேண்டப்படுவதாகும்.