இஸ்திரிப்பெட்டிக்குள் ஒரு கணக்கு

எங்கள் வீட்டு இஸ்திரிப்பெட்டியின் அடியில் 230 வோல்ட், 1000 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. அந்த இரண்டு எண்களே போதும், பெட்டியைத் திறக்காமலே அதன் உள்ளே போய்விடலாம். ஆயிரத்தை 230ஆல் வகுத்தால் மின்னோட்டம், ஏறக்குறைய 4.35 ஆம்பியர். 230ஐ அந்த 4.35ஆல் வகுத்தால் மின்தடை, சுமார் 53 ஓம். ஒருநாள் வெப்பத் திருகைக் கடைசிவரை திருப்பி வைத்து, பிளக்கின் இரு முனைகளில் மல்டிமீட்டரின் ஊசிகளை வைத்தேன். திரையில் 52 வந்து நின்றது. காகிதத்தில் போட்ட கணக்கு கம்பிச்சுருளிலும் அப்படியே இருந்ததைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை என்ற இந்த விதியைத் தந்த கியோர்க் ஓம் ஜெர்மனியில் பள்ளி ஆசிரியர். அன்றைய மின்கலங்கள் நிலையாக நிற்கவில்லை; அதனால் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, ஆடாத மின்னழுத்தம் பெற்றார். எவ்வளவு பொறுமை! தம் விதியை 1827இல் நூலாக வெளியிட்டார்.

மாலையில் மின்னழுத்தம் 180க்கு இறங்கினால் பெட்டி ஏன் சூடேறத் தவிக்கிறது என்பதும் இதே கணக்குதான். தடை மாறாது, அழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் சேர்ந்து குறையும். ஆகவே ஆயிரம் வாட் 612 ஆகிவிடுகிறது.

நீங்களும் அளந்து பாருங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகு மட்டும்.