சோர்க் விளையாட்டுத் தொடரும் கலைக்களஞ்சிய மரபும்

அரசர், புலவர், மலை, ஆறு முதலியவற்றைக் கலைக்களஞ்சியத்தில் எழுதும் முறை நெடுங்காலப் பயிற்சியால் வரையறைப்பட்டுள்ளது. கணினி விளையாட்டைப் பற்றி எழுதும் முறையோ இன்னும் இளமைப் பருவத்தது. 2001ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியம், அச்சுக் களஞ்சியங்கள் கருதாத அளவுக்கு இத்துறைக்கு இடமளித்துள்ளது. அவ்விடத்தை நிரப்பும் முறை தக்கதா என்பதை ஆராய்வதற்குச் 'சோர்க்' என்னும் தொடர் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். அதன் முதற் பகுதிகள் படமும் ஒலியுமின்றிச் சொற்களாலேயே இயன்றவை. ஆதலின் இலக்கியம் பயில்வோர்க்கும் அதன் வரலாறு அயலானதன்று.

அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் 1977ஆம் ஆண்டில் ரிம் அன்டர்சன், மாக் பிளாங்க், புரூஸ் டானியல்ஸ், டேவ் லெப்லிங் என்னும் நால்வர் பி.டி.பி-10 என்ற பெருங்கணினியில் இவ்விளையாட்டை எழுதத் தொடங்கினர். வில் குரோதர் இயற்றி டொன் வூட்ஸ் விரித்தமைத்த 'அட்வெஞ்சர்' என்னும் குகை விளையாட்டே அவர்களுக்குத் தூண்டுகோலாயிற்று. 1979இல் இன்ஃபோகொம் என்னும் நிறுவனம் தோன்றியது. பெருங்கணினிக்கென எழுதப்பட்டது வீட்டுக் கணினியின் சிறு நினைவகத்துள் அடங்காமையால், அது பகுக்கப்பட்டும் புதுக்கப்பட்டும் 1980, 1981, 1982 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. அக்காலத்து வீட்டுக் கணினிகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. அத்தடையைக் கடத்தற்பொருட்டு 'இசெட்-இயந்திரம்' என்னும் கற்பனைக் கணினியொன்று வகுக்கப்பட்டது. விளையாட்டு அக்கற்பனைக் கணினிக்கே எழுதப்பட்டது. ஒவ்வொரு மெய்க்கணினிக்கும் ஒரு மொழிபெயர்ப்பு நிரல் மட்டுமே புதிதாக வேண்டியிருந்தது. அக்காலத்துக் கணினிகள் வழக்கொழிந்த பின்னும் சோர்க் இயங்குதற்குக் காரணம் இதுவேயாம்.

இத்தகைய வரலாற்றைக் களஞ்சியக் கட்டுரையின் தலைப்பிலுள்ள சிறு பட்டியலுள் அடக்க முயலுங்கால் முதலாவது இடர்ப்பாடு தோன்றுகின்றது. பட்டியல் ஒரு பெயரையும் ஓர் ஆண்டையும் வேண்டி நிற்கும். சோர்க்கின் ஆண்டு 1977ஆ, 1980ஆ? இடையிற் சிறிது காலம் அது 'டன்ஜன்' என வழங்கிற்று. ஃபோர்ட்ரான் மொழியில் ஆக்கப்பட்ட பெயர்ப்பு அப்பெயராலேயே பரவியது. 1988இல் வெளிவந்த 'சோர்க் சீரோ' கதைமுறையில் முதற்பாகத்துக்கும் முந்தியது. 1983இல் தோன்றிய 'என்சான்டர்' சோர்க் என்னும் பெயரைத் தாங்காவிடினும் அதே உலகைக் களமாகக் கொண்டது. அது தொடருள் அடங்குமா, புறத்தே நிற்குமா என்பதைப் பட்டியல் விளக்காது. வெளியீட்டு முறை, கதைமுறை, ஆக்கியோர் மரபு என்னும் மூன்றனுள் எதனைக் கொண்டு வகுத்தனர் என்பதைக் கட்டுரை வெளிப்படக் கூறுதல் வேண்டும்.

இரண்டாவது இடர்ப்பாடு பாடபேதம் பற்றியது. இன்ஃபோகொம் தன் விளையாட்டுக்களிற் பிழைகளைத் திருத்தி மீள வெளியிடும்போதெல்லாம் வெளியீட்டெண்ணும் தொடரெண்ணும் பொறித்தது. சோர்க் முதற்பாகத்தின் 88ஆம் வெளியீடு 840726 என்னும் தொடரெண்ணை உடையது. அது 1984ஆம் ஆண்டு யூலை 26ஆம் நாளைக் குறிக்கும். எவ்வெளியீடு எனச் சுட்டாது விளையாட்டின் சொற்களை எடுத்தாளுதல், எப்பதிப்பு எனச் சுட்டாது செய்யுளை எடுத்தாளுதலை ஒக்கும்.

மூன்றாவது குறை கதைச்சுருக்கத்தாற் புகுவது. வெண்ணிற வீடு, அதன் கீழே பாழடைந்த பாதாளப் பேரரசு, திரட்டவேண்டிய செல்வங்கள், முடிவில் 350 புள்ளிகள் என முதற்பாகத்தின் கதையைச் சில வரிகளிற் கூறிவிடலாம். அவ்வாறு கூறியபின் எஞ்சுவதே விளையாட்டின் உயிர்நிலை. அட்வெஞ்சர் இரண்டு சொல்லாலான ஏவலையே ஏற்றது. சோர்க்கோ முழுத்தொடரான ஏவலையும் பகுத்துணர்ந்தது. அவ்வேறுபாடு விளக்கப்படாத கட்டுரை, யாப்பைக் கூறாது காவியத்தின் கதையை மட்டும் கூறும் கட்டுரையாகவே அமையும். இருளிற் பதுங்கியுள்ள 'குரூ' என்னும் விலங்கின் தோற்றமும் இவ்வாறு உரையால் விளங்குவதொன்று. தொடக்கத்தில் இருளிற் செல்வோன் ஆழ்குழியில் வீழ்ந்து மடிவதாக அமைத்திருந்தனர். வீட்டின் மேன்மாடத்தில் அத்தகைய குழி எவ்வாறு இருக்கக்கூடும் என்னும் வினா எழவே, குழிக்கு ஈடாக விலங்கு வந்தது. விளையாடுவோன் அறியாத இச்செய்தி ஆக்கியோர் வாயிலாகவே அறியப்பட்டது.

இனி, அக்களஞ்சியத்தின் தலையாய விதி யாதெனின், முன்னர் வெளியான சான்றுகளைக் கொண்டன்றித் தாமே புத்தாராய்ச்சி செய்து எழுதலாகாது என்பதாம். இவ்விதியின் நன்மை தெளிவு. பலர் கூடி எழுதும் நூலில் ஊகத்துக்கு இடங்கொடுத்தால் உண்மை நிலைக்காது. எனினும் அதன் எல்லையும் அறியத்தக்கது. அட்வெஞ்சரிற் குரோதர் குகையை மட்டுமே வருணித்தார் என்றும், மாயப் பொருள்கள் யாவும் வூட்ஸ் சேர்த்தவை என்றும் ஒரு வழக்கு நெடுங்காலம் நிலவியது. டெனிஸ் ஜெர்ஸ் என்னும் ஆய்வாளர் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் வூட்ஸின் பழைய கணக்கிலிருந்து மீட்கப்பெற்ற குரோதரின் மூலநிரலை ஆராய்ந்தார். கென்ரக்கி மாநிலத்திலுள்ள மெய்யான குகைக்கும் சென்று ஒப்புநோக்கினார். மாயப் பொருள்கள் குரோதரின் மூலத்திலேயே உள்ளன என அவர் 2007இல் வெளியிட்ட கட்டுரை நிறுவியது. அக்கட்டுரை எழுதப்படாதிருந்தால் களஞ்சியம் தன் விதிக்கமையப் பழைய வழக்கையே திருப்பிக் கூறியிருக்கும். சான்றுடைய தவறும் விதியைக் கடவாது புகுந்துவிடும் என்பது இதனாற் பெறப்படும்.

எனவே குறையைக் களஞ்சியம் தொகுப்போர்மேல் மட்டும் சுமத்துதல் பொருந்தாது. அக்காலத்து விளையாட்டுச் சஞ்சிகைகள் பெரும்பாலும் விலையையும் வெற்றிக்கான குறிப்புக்களையுமே எழுதின. நிக் மொன்ஃபோட் 2003இல் வெளியிட்ட நூலைப் போன்ற முழுநூல் ஆராய்ச்சிகள் சிலவே. அறிஞர் களஞ்சியத்தில் எல்லாம் உள்ளதெனக் கருதிச் சும்மா இருக்க, களஞ்சியமோ அறிஞர் எழுதுவதை எதிர்பார்த்து நிற்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையில் ஆக்கியோரின் நினைவிலுள்ள செய்திகள் பதிவின்றி மறையும்.

மூலங்கள் கிடைக்கவில்லையென இனிக் கூறுதற்கில்லை. இன்ஃபோகொம் விளையாட்டுக்களின் மூலநிரல்கள் 2019இற் பொதுப்பார்வைக்கு வந்தன. சோர்க்கின் முதல் மூன்று பாகங்களும் 2025இல் யாவரும் பயன்படுத்தத்தக்க திறந்த உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டன. வெளியீடுகளை ஒப்புநோக்கி வேறுபாடுகளைக் குறித்தலும், ஆக்கியோர் கூற்றுக்களை நிரலோடு வைத்துச் சோதித்தலும், அவற்றை உரிய இதழ்களில் வெளியிடுதலும் ஆராய்ச்சி மாணவர் மேற்கொள்ளத்தக்க பணிகளாம். அவை நிறைவேறிய பின்னரே களஞ்சியக் கட்டுரை திருத்தம் பெறும்.