எலிக்கு எத்தனை டிபிஐ?

ஒரு வாசகியிடமிருந்து கடிதம். 'ப்ளஸ் டூ முடித்த என் மகன் கம்ப்யூட்டர் கேமுக்கு என்று 12,000 ரூபாயில் ஒரு மௌஸ் கேட்கிறான். நான் ஆபீஸில் 400 ரூபாய் மௌஸை ஐந்து வருஷமாக உருட்டிக்கொண்டிருக்கிறேன். இதில் இல்லாதது அதில் என்ன? கேட்டால் "உனக்குப் புரியாதும்மா" என்கிறான். உங்களுக்காவது புரிகிறதா?'

கொஞ்சம் புரிகிறது. பையன் சொல்வதில் பாதி நிஜம். மற்ற பாதி அட்டைப்பெட்டி அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் பூர்வீகம். 1964-ல் கலிஃபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் யோசித்து பில் இங்கிலீஷ் செய்துகொடுத்த முதல் மௌஸ் ஒரு மரக்கட்டை. அடியில் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என இரண்டு சக்கரங்கள். மேலே ஒரே பட்டன். 1968 டிசம்பர் 9 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கூட்டத்தில் எங்கெல்பார்ட் அதை உலகத்துக்குக் காட்டினார். 1970-ல் பேடன்ட் கிடைத்தது. ஆனால், ஊரெல்லாம் மௌஸ் வாங்கும் காலம் வருவதற்குள் அது காலாவதியாகிவிட்டது. ராயல்டியாக அவருக்குக் காலணா வரவில்லை. மனித மூளைக்குக் கைகொடுக்க ஒரு கருவி வேண்டும் என்பதுதான் அவர் கனவு. அதை வைத்துப் பையன்கள் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்வார்கள் என்று நினைத்திருக்க மாட்டார்.

பிறகு ரப்பர் பந்து மௌஸ் வந்தது. வாரம் ஒருமுறை வயிற்றைத் திறந்து, பந்தைத் துடைத்து, உருளையில் ஒட்டிய அழுக்கை நகத்தால் சுரண்டியது நினைவிருக்கிறதா? 1999-ல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டெலிமௌஸ் எக்ஸ்ப்ளோரர் பந்தை எடுத்துவிட்டு ஒளியை வைத்தது. அதே வருஷம் ரேசர் கம்பெனி கேம் ஆடுபவர்களுக்கென்றே பூம்ஸ்லாங் என்று ஒன்று கொண்டுவந்தது. அது பந்து மௌஸ்தான், ஆனால் 2000 டிபிஐ என்று பெருமை பேசியது. நம்பர் வியாதிக்கு அப்போதே அஸ்திவாரம் போட்டாகிவிட்டது.

டிபிஐ என்பது பெரிய சமாசாரம் இல்லை. மௌஸின் வயிற்றில் ஒரு குட்டி கேமரா இருக்கிறது. மேஜைப் பரப்பை செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை படமெடுக்கிறது. முந்தின படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்து, எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குச் சொல்கிறது. ஓர் அங்குலம் நகர்த்தினால் எத்தனை எண்ணுகிறது என்பதுதான் டிபிஐ.

இப்போது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. உங்கள் திரை 1920 புள்ளி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 டிபிஐ மௌஸ் என்றால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக 2.4 அங்குலம் தள்ள வேண்டும். 400 என்றால் 4.8 அங்குலம். இன்றைக்கு விற்கும் விலையுயர்ந்த மௌஸ்கள் 30,000 டிபிஐக்கு மேல் பீற்றிக்கொள்கின்றன. அதில் மொத்தத் திரையையும் கடக்க 1.6 மில்லிமீட்டர் போதும். தும்மினால் போச்சு.

அப்படியானால் யார்தான் அதை உபயோகிக்கிறார்கள்? கவுன்டர் ஸ்டிரைக் ஆடிச் சம்பாதிக்கும் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வைத்துக்கொள்வது 400 அல்லது 800. விளையாட்டுக்குள்ளும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். திரைக்குள்ளே ஒரு முழு வட்டம் திரும்ப, மௌஸை ஓர் அடி, சிலர் அதற்கு மேலும் இழுக்கிறார்கள். காரணம் எளிது. சின்ன நடுக்கத்துக்கெல்லாம் குறி நகரக் கூடாது. பெரிய திருப்பத்துக்கு முழங்கையும் தோளும், நுட்பத்துக்கு விரல்கள். கோலம் போடுபவரைப் பாருங்கள். நீளக் கோட்டுக்கு மொத்தக் கையும் போகும், புள்ளி வைக்க விரல்நுனி மட்டும்.

4கே திரை வைத்திருப்பவர்கள் 1600 வைத்துக்கொள்ளட்டும். அதற்கு மேல் உள்ளதெல்லாம் ஸ்கூட்டரின் ஸ்பீடோமீட்டரில் 240 என்று போட்டிருப்பது மாதிரி. பார்க்க நன்றாயிருக்கும்.

அடுத்த நம்பர் போலிங் ரேட். மௌஸ் தன் நிலவரத்தை கம்ப்யூட்டருக்கு செகண்டுக்கு எத்தனை முறை சொல்கிறது என்பது. உங்கள் ஆபீஸ் மௌஸ் பெரும்பாலும் 125 முறை, அதாவது 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. கேமிங் மௌஸ் 1000 முறை, 1 மில்லிசெகண்டுக்கு ஒன்று. இது நிஜமான முன்னேற்றம், பழகிய கைக்குத் தெரியும். இப்போது 8000 என்று விற்கிறார்கள். அதில் மிச்சமாவது ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு. சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் அடுத்த படத்தைக் காட்டவே சுமார் 17 மில்லிசெகண்ட் எடுக்கிறது. அதைப் பார்த்து உங்கள் விரல் அசைய இன்னும் ஒரு 200. ரயிலுக்கே நாலு மணி நேரம் தாமதமாகப் போகிறவர் பிளாட்ஃபாரத்தில் ஓடி என்ன பயன்? தவிர, 8000 என்பது பேட்டரியையும் பிராசஸரையும் தின்னும்.

சரி, பையன் சொல்லும் நிஜமான பாதி எது? மூன்று விஷயங்கள்.

ஒன்று, 400 ரூபாய் மௌஸை வேகமாக இழுத்தால் அதன் கேமரா திணறி வழிதவறிவிடும். குறி எங்கோ சுவரைப் பார்க்கும். நல்ல சென்ஸார் எவ்வளவு வேகமாக வீசினாலும் கணக்கு தப்பாது. இரண்டு, எடை. முன்பெல்லாம் கனமாக இருந்தால்தான் தரம் என்று நம்பி, உள்ளே போட்டுக்கொள்ளக் குட்டிக் குட்டி எடைக்கற்கள்கூடக் கொடுத்தார்கள். பிறகு காற்று திசை மாறியது. 2019-ல் க்ளோரியஸ் கம்பெனி மாடல் ஓ என்று உடம்பெல்லாம் ஓட்டை போட்ட 67 கிராம் மௌஸ் ஒன்றை விற்றது. பார்த்தால் இடியாப்பத் தட்டு. மூன்றாவது, வடிவம்.

2020-ல் வந்த லாஜிடெக்கின் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட்டை இந்த வகையில் ஒரு நல்ல உதாரணமாகச் சொல்லலாம். வயர் இல்லை, ஓட்டை இல்லை, 63 கிராமுக்கும் குறைவு. கலர் விளக்கு கிடையாது. ஐந்தே பட்டன். எதைச் சேர்க்கலாம் என்று கேட்காமல் எதை எடுக்கலாம் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அதனால்தான் போட்டிகளில் அத்தனை கைகளில் தென்பட்டது. குறையும் உண்டு. வடிவம் இரண்டு கைக்கும் பொருந்தும், ஆனால் பக்கவாட்டு பட்டன்கள் வலது கைக்காரர்களுக்கு மட்டும். இடது கைக்காரர் அதில் கட்டைவிரலைச் சும்மா வைத்திருக்க வேண்டியதுதான். அந்த விலைக்குப் பழைய மைக்ரோ யுஎஸ்பி சார்ஜர் வேறு. 2023-ல் வந்த அடுத்த பதிப்பில்தான் அதை மாற்றினார்கள். பெட்டியில் மட்டும் மறக்காமல் 25,600 டிபிஐ. அதை வாங்கி ஜெயித்தவர்கள் முதல் காரியமாக 800-க்கு இறக்கிக்கொண்டார்கள்.

வடிவத்துக்கு வருவோம். மௌஸைப் பிடிப்பதில் மூன்று வகை. மொத்த உள்ளங்கையையும் சாய்த்துப் பிடிப்பவர்கள், விரலை மடக்கிப் பருந்து மாதிரி பிடிப்பவர்கள், விரல்நுனியால் மட்டும் தொடுபவர்கள். முதல் வகைக்கு முதுகு உயர்ந்த பெரிய மௌஸ். மூன்றாம் வகைக்குத் தட்டையான சின்னது. உங்கள் பையனின் கை அளவும் பிடியும் எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது. செருப்புக் கடையில் காலை நுழைத்துப் பார்க்காமல் வாங்குவோமா? மௌஸை மட்டும் படத்தைப் பார்த்து வாங்குகிறோம்.

வாங்கின பிறகு செய்ய வேண்டிய காரியம் ஒன்று, இலவசம். விண்டோஸில் மௌஸ் செட்டிங்கில் 'என்ஹான்ஸ் பாயின்டர் ப்ரிசிஷன்' என்று ஒரு கட்டம் இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது இருந்தால், மௌஸை வேகமாகத் தள்ளும்போது குறி அதிக தூரம் போகும். மெதுவாகத் தள்ளினால் அதே நகர்த்தலுக்குக் குறைந்த தூரம். எக்ஸெல் போடுபவருக்கு சௌகரியம். விளையாடுபவரின் கைக்கோ தூரம் மனப்பாடமாக வேண்டும், அதற்கு அளவுகோல் மாறக் கூடாது. எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஆயுள் பற்றியும் சொல்ல வேண்டும். நான் வாங்கிய ஒரு விலையுயர்ந்த மௌஸின் பெட்டியில் 'ஐந்து கோடி க்ளிக்' என்று உத்தரவாதம் இருந்தது. ஒன்றரை வருஷத்தில் அதற்குத் திக்குவாய் வந்தது. ஒருமுறை அழுத்தினால் இரண்டு முறை க்ளிக் ஆகும். ஃபைலை நகர்த்தப் போனால் திறந்துகொள்ளும். சர்வீஸில் பில் கேட்டார்கள். பில் இருந்த இடம் கடவுளுக்குத்தான் தெரியும். உள்ளே இருக்கும் மெல்லிய உலோகத் தகடு தேய்ந்தும் களிம்பேறியும் சோர்ந்துபோவதால் வரும் வியாதி இது. இப்போது சில மௌஸ்களில் தகடு தொடுவதற்குப் பதில் ஒளிக்கற்றையை மறிக்கும் ஸ்விட்ச் வைக்கிறார்கள். அதற்கு இந்த வியாதி வராது. எதுவானாலும் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக, பெட்டியில் யாரும் போடாத நம்பர் ஒன்று உண்டு: பையனுக்கு இருப்பது இரண்டே மணிக்கட்டு. வேகத்தை ஏற்றிவைத்து மணிக்கட்டை மட்டும் இடதும் வலதுமாக வெட்டி வெட்டி ஆடினால், தசைநாண்கள் ஒருநாள் முறையிடும். முழங்கை மேஜை உயரத்தில் இருக்கட்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்க வேண்டாம். டிபிஐயைக் குறைத்து, பெரிய துணிப் பாய் ஒன்று வாங்கிப் போட்டு, முழுக்கையால் ஆடட்டும். விரல் மரத்துப்போனால் புது மௌஸ் தேட வேண்டாம், டாக்டரிடம் போக வேண்டும். ஆபீஸில் எட்டு மணி நேரம் உருட்டும் அம்மாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆக, வாசகிக்கு என் தீர்ப்பு: 400 ரூபாய் மௌஸ் அவனுக்குப் போதாது என்பது உண்மை. 12,000 வேண்டும் என்பது உண்மையல்ல. நல்ல சென்ஸார், 1000 ஹெர்ட்ஸ், கைக்குப் பொருந்தும் வடிவம், இந்த மூன்றும் கொண்ட வயர் மௌஸ் அதில் கால் பங்குக்குள்ளேயே கிடைக்கும். பையனைக் கடைக்குக் கூட்டிப்போய் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுபடியும் 'உனக்குப் புரியாதும்மா' என்றால், 'எத்தனை டிபிஐ வெச்சு ஆடப்போறே?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். 800 என்றால் விஷயம் தெரிந்த பையன், 12,000 ரூபாய் மௌஸ் அவனுக்குத் தேவையில்லை. 30,000 என்றாலும் தேவையில்லை.