பின் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்: கண்ணுக்கா, காருக்கா?

அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1987 முதல் 1993 வரை விற்ற மஸ்டாங் 5.0 என்ற காரை இன்றும் பலர் ஆசையோடு பராமரித்து வருகின்றனர். 1987-இல் அதன் எட்டு சிலிண்டர் எஞ்சின் 225 குதிரைத்திறன் தந்தது. முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக்; பின் சக்கரங்களிலோ 9 அங்குல டிரம் பிரேக். இந்த டிரம்மைக் கழற்றிவிட்டு, உடைத்து விற்கும் பழைய கார்களிலிருந்து டிஸ்க் பிரேக்கை எடுத்துக் குறைந்த செலவில் பொருத்துவது அவர்களிடையே பெருவழக்கு. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் இருந்தால் கார் இன்னும் குறைந்த தூரத்தில் நிற்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இது சரிதானா?

முதலில் தயாரிப்பாளரின் குறையைச் சொல்லிவிடுவோம். இதே நிறுவனம் 1984 முதல் 1986 வரை செய்த மஸ்டாங் எஸ்.வி.ஓ. காரில் நான்கு டிஸ்க்குகளும் இருந்தன. 1987, 1988-ஆம் ஆண்டுகளின் தண்டர்பேர்டு டர்போ கூப்பிலும் இருந்தன. ஆகவே இது தெரியாத வித்தையன்று. மஸ்டாங் வகை முழுவதற்கும் 1994-இல்தான் பின் டிஸ்க் வந்தது. சிக்கனத்தைத் தவிர வேறு நியாயம் எனக்குத் தோன்றவில்லை.

இனி கணக்குக்கு வருவோம். மணிக்கு 100 கி.மீ. என்பது நொடிக்கு 27.8 மீட்டர். டயருக்கும் சாலைக்கும் இடையே உராய்வுக் கெழு 0.8 எனக் கொண்டால், கார் நிற்கக் குறைந்தது 49 மீட்டர் வேண்டும். இந்தக் கணக்கில் காரின் எடை அடிபட்டுப் போகிறது. பிரேக்கின் அளவோ வரவே இல்லை! பெடலை அழுத்திச் சக்கரத்தைப் பூட்டிவிட முடிகிறது என்றால், எல்லை வகுப்பது டயர்தான், பிரேக் அன்று. டிரம்மும் சக்கரத்தைப் பூட்டும், டிஸ்க்கும் பூட்டும். அவசரமாக ஒருமுறை நிறுத்தும்போது டிஸ்க்குக்குச் செலவிட்ட பணம் ஒரு மீட்டரைக்கூட மிச்சப்படுத்தாது.

சைக்கிளில் முன் பிரேக்கைத் திடீரெனப் பிடித்தால் பின் சக்கரம் மேலெழுவதைக் கண்டிருப்பீர்கள். காரிலும் அதுவே நிகழ்கிறது. 1500 கி.கி. காரில் நிற்கும்போது எடையின் 42 விழுக்காடு பின்னால் இருப்பதாகக் கொள்வோம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர், அச்சுகளின் இடைவெளி இரண்டரை மீட்டர் எனில், கடும் பிரேக்கில் எடையின் 16 விழுக்காடு முன்னே நகரும். பின் சக்கரங்களுக்கு மிஞ்சுவது 26 விழுக்காடு, அதாவது கால் பங்கு. இந்தக் கால் பங்குக்குள் அடங்க வேண்டிய பின் பிரேக்கை வலுவாக்கிவிட்டு வேறெதையும் மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும். பூட்டிய டயருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு இல்லை. முன் சக்கரம் பூட்டினால் கார் நேராகவாவது வழுக்கும். பின் சக்கரம் பூட்டினால் பம்பரம் போலச் சுழன்று பின்புறம் முன்னே வந்துவிடும். மழை நாளில் இந்த ஆபத்தை ஓட்டுநரால் சமாளிப்பது அரிது.

டிஸ்க்கால் பயனே இல்லையா? உண்டு, வெப்பத்தில். நமது காரின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 5.8 லட்சம் ஜூல். அதில் கால் பங்கு பின்னால் போனால், சக்கரத்துக்கு 72,000 ஜூல். 5 கி.கி. வார்ப்பிரும்பு இதனால் சுமார் 31 டிகிரிதான் சூடேறும். ஒருமுறைக்கு இது ஒன்றுமில்லை. பந்தயத் தடத்திலோ மலை இறக்கத்திலோ அடுத்தடுத்துப் பிரேக் பிடித்தால் சூடு சேர்ந்துகொண்டே போகும். சூடான டிரம் விரிந்து உள்ளிருக்கும் பிரேக் ஷூவை விட்டு விலகுகிறது. பெடல் கீழே இறங்குகிறது. சூடான டிஸ்க்கோ விரிந்து பேடை நோக்கியே வருகிறது. காற்றும் அதன்மேல் தாராளமாகப் படுகிறது. ஆனால் முன் பிரேக்குகள் ஏற்கும் வெப்பம் பின்னதைப்போல் மூன்று மடங்கு. ஆகவே கையிலிருக்கும் முதல் பணம் முன் பேடுகளுக்கும் புதிய பிரேக் எண்ணெய்க்கும் போக வேண்டும். டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் உறிஞ்சியபின் அந்த அளவு 140 டிகிரியாகத் தாழ்கிறது. எண்ணெய் மாற்ற ஆகும் செலவு மிகச் சொற்பம். பார்ப்பவர் கண்ணில் படாது என்பதே அதன் குறை போலும்!

அதன்பிறகும் பின் டிஸ்க் வேண்டும் என்பவர்கள் மேலும் இரண்டைக் கவனிக்க வேண்டும். டிரம்மில் சுழற்சியே ஷூவை இழுத்து அழுத்தத்தைப் பெருக்கும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை, எண்ணெயும் அதிகம் தேவை. அதற்காக மாஸ்டர் சிலிண்டரின் விட்டத்தை 21 மி.மீ.யிலிருந்து 25 மி.மீ.க்கு உயர்த்தினால் பரப்பு 1.4 மடங்காகிறது, அதே கால்விசைக்கு எண்ணெயின் அழுத்தம் 30 விழுக்காடு குறைகிறது. பெடல் கட்டையாக இருப்பதை "நல்ல பிரேக்" என்று சிலர் மெச்சிக்கொள்வது இதைத்தான்.

மற்றொன்று, பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு. தொழிற்சாலை வைத்தது டிரம்முக்கு அளந்து வைத்தது. திருகிச் சரிசெய்யத்தக்க வால்வைப் பொருத்திக்கொள்ள வேண்டும். மலிவு மாற்றத்தில் பெரும்பாலும் விடுபடும் உறுப்பு இதுவே. பின்னர் ஆளில்லாத திடலில், குறைந்த வேகத்திலிருந்து தொடங்கி, வெளியே நிற்கும் ஒருவரைச் சக்கரங்களைக் கவனிக்கச் சொல்லிப் பிரேக் பிடித்துப் பாருங்கள். எந்த வேகத்திலும் முன் சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும். நனைந்த தரையிலும் இதைச் செய்து பார்த்த பிறகே வால்வின் திருகை இறுக்குங்கள்.