ஹாம்ஸ்டெட் கொட்டகையும் கான்ஸ்டபிளின் மேகங்களும்

இல்லறம் கலைஞனின் கையைக் கட்டிவிடும் என்றொரு கருத்து நம் கலை விமர்சனத்தில் ஊறிக் கிடக்கிறது. ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் (1776–1837) மேக ஓவியங்கள் முன் அது நிற்பதில்லை.

1816இல் மரியா பிக்னெலை மணந்தார். ஏழு குழந்தைகள் பிறந்தனர். மனைவியின் நலிந்த உடலுக்கு இலண்டன் புகை ஒவ்வாததால், நகரின் வடக்கே மேட்டிலிருந்த ஹாம்ஸ்டெட்டில் 1819 முதல் வாடகை வீடு எடுக்கலானார். 1821இல் அங்குத் தோட்டத்தில் மணலும் நிலக்கரியும் துடைப்பங்களும் அடைந்து கிடந்த சிறு கொட்டகையைக் காலி செய்து, அதையே தம் பணியிடமாக்கினார். அக்கோடையிலும் மறு கோடையிலும் திறந்த வெளியில் நின்று, தாளில் எண்ணெய் வண்ணத்தால் வானத்தைத் தீட்டினார். பலவற்றின் பின்புறம் நாள், மணி, காற்றின் திசை ஆகியன குறிக்கப்பட்டுள்ளன.

இவற்றை வானிலை ஆர்வத்தின் விளைவாக மட்டும் காண்போர் உண்டு. எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. மரியாவுக்காகத் தேடிய காற்றைத்தானே அவர் ஒவ்வொரு தாளின் பின்னும் குறித்து வைத்தார்!

1828 நவம்பரில் மரியா காசநோயால் மறைந்தார். அடுத்த ஆண்டு காட்சிக்கு வந்த ‘ஹேட்லி கோட்டை’யில் இடிந்த கோபுரத்தைவிடக் கலைந்தோடும் வானமே கண்ணை ஈர்க்கிறது. துயரத்தின் வேகம் அதில் உண்டு. ஆயினும் கை தடுமாறவில்லை. ஹாம்ஸ்டெட் கோடைகளில் பெற்ற பயிற்சி அது. அம்மேகத் தாள்களில் சிலவற்றை மகள் இசபெல் 1888இல் இலண்டன் அருங்காட்சியகத்துக்கு அளித்தார்.